மறக்கும் தறுவாயில் ஒரு கேள்வி

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறுகிறது. நர்சிங் முடித்த பெண் ஒருத்தி அதில் உட்கார்ந்து, மடியில் ஜெர்மன் சொற்பட்டியலை விரித்துப் படித்துக்கொண்டே வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வளைவுகளில் தலை சுற்றாத வரம் பெற்றவள். ஜெர்மனியில் செவிலியர் தட்டுப்பாடு. நம் பக்கம் நர்சிங் படித்தவர்கள் ஏராளம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களுக்கு ஜெர்மன் பயிற்சி தருகிறது. ஆகவே பெண் கற்பனை என்றாலும் பட்டியல் நிஜம்.

பட்டியலில் 40 சொற்கள். இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் தமிழ். ப்ளூட் என்றால் ரத்தம், ஃபீபர் என்றால் காய்ச்சல், ஷ்ப்ரிட்ஸெ என்றால் ஊசி, வுண்டெ என்றால் புண். அடிவாரத்தில் ஒரு தடவை, பாதி வழியில் ஒரு தடவை, ஏரி கண்ணில் படும்போது ஒரு தடவை. இறங்கும்போது அத்தனையும் வந்துவிட்டது என்று மனசு சொல்கிறது. பத்து நாள் கழித்துக் கீழே இறங்கும் பேருந்தில் நினைத்துப் பார்த்தால் ஏழெட்டுச் சொல் தேறுவதே பெரும்பாடு. ஆனால் அதே பேருந்தில் ஓட்டுநர் போட்டுவிட்ட பழைய சினிமாப் பாட்டுக்கு, அடுத்த வரி ஒலிக்கும் முன்பே அவள் உதடு அசைகிறது. அந்தப் பாட்டை அவள் ஒருநாளும் உட்கார்ந்து படித்ததில்லை.

முயன்று படித்தது போய்விட்டது, படிக்காதது நிற்கிறது. ஏன்?

'எனக்கு ஞாபக சக்தி போதாது' என்பது அவள் சொல்லும் பதிலாக இருக்கும். அந்தப் பதில் தவறு என்பதற்குப் பாட்டே சாட்சி. ஆனால் கவலை நியாயமானது. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் சொற்பட்டியலில் முதல் படியான ஏ-1க்குச் சுமார் 650 சொற்கள். பி-1க்குச் சுமார் 2,400. செவிலியராக அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் கேட்கப்படுவது அதற்கும் மேற்பட்ட பி-2. பேருந்துப் பாணியில் படித்தால் இந்தக் கணக்கு தீரவே தீராது.

மறதியை முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். 1870களின் இறுதியில் தொடங்கினார். சோதனைச்சாலை கிடையாது, மாணவர்கள் கிடையாது; சோதித்தவரும் அவரே, சோதிக்கப்பட்டவரும் அவரே. பழகிய சொற்களை மனப்பாடம் செய்தால் ஒன்று இன்னொன்றை நினைவூட்டிவிடும், அளவு கெட்டுவிடும் என்று பயந்து, பொருளே இல்லாத அசைகள் சுமார் 2,300 உண்டாக்கினார். அவற்றைக் கலந்து, கைக்கு வந்தபடி எடுத்து வரிசையாக்கி, கடிகாரத் துடிப்புக்கு ஏற்ற ஒரே சீரான வேகத்தில் வாசித்து வாசித்து நெட்டுருப் போட்டார். வருடக்கணக்கில்.

அளந்த முறைதான் கெட்டிக்காரத்தனம். 'எத்தனை அசை நினைவிருக்கிறது' என்று அவர் கேட்கவில்லை. ஒரு வரிசையைப் பிழையில்லாமல் சொல்ல முதல் தடவை எவ்வளவு நேரம் ஆனது, சில நாள் கழித்து அதையே மறுபடி கற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். இரண்டாம் தடவையில் மிச்சமான நேரமே பழைய படிப்பில் எஞ்சியது. 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. ஒரு மாதம் கழித்து 21. இதைக் கோடாக வரைந்தால் முதலில் செங்குத்தாக விழுந்து பிறகு கிட்டத்தட்டச் சமதளமாக ஓடுகிறது. மறதி வளைவு என்று பெயர். 1885-ல் இந்தக் கணக்கு நூலாக வந்தது. ஒற்றை மனிதர் தன்மேலேயே செய்த சோதனையை எப்படி நம்புவது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 2015-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் யாப் மூரே, யோரி ட்ரோஸ் இருவரும் அதே மாதிரி அசைகளை வைத்து மறுபடி செய்து பார்த்தார்கள். வளைவு பெரும்பாலும் ஒத்துப்போனது.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்து முடிகிறது என்பது ஒன்று. நம் பெண் ஏற்காட்டில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் பாதிக்கு மேல் கசிந்திருக்கும். இன்னொன்று ஆறுதலானது: ஒரு சொல் வாயில் வராதபோதும் அது முழுக்க அழிந்துவிடுவதில்லை. மறுபடி கற்கும்போது நேரம் குறைகிறது என்றால் ஏதோ ஒன்று உள்ளே தங்கித்தான் இருக்கிறது.

எப்பிங்ஹவுஸ் இன்னொன்றும் கண்டார். 12 அசை கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை திருப்பிப் படித்தால் மறுநாள் எவ்வளவு பலன் கிடைத்ததோ, அதே பலன் மூன்று நாட்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது. உழைப்பு ஏறக்குறையப் பாதி. இதை இடைவெளி விளைவு என்போம். நினைவைப் பற்றி உளவியல் சொன்னவற்றில் இவ்வளவு உறுதியாக நிற்பவை சிலவே.

இடைவெளி விட்டால் மறதி அல்லவா சேரும், அது எப்படி உதவும்? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி நாற்றங்கால் வைத்திருப்பவர்களைக் கேட்டால் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். முளைத்த புதிதில் நாற்றுக்குத் தண்ணீர் அடிக்கடி வேண்டும். ஆனால் நடவு நெருங்க நெருங்க, தண்ணீரையும் நிழலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கடைசி நாள் வரை தாராளமாக ஊற்றி வளர்த்த நாற்று பார்வைக்குச் செழிப்பாக இருக்கும். தோட்டத்தில் வைத்ததும் சுணங்கிவிடும். வாடிப் பட்டுப்போகவும் விடக்கூடாது, வாட்டமே தெரியாமலும் வளர்க்கக்கூடாது. அந்த நடுப்பதம்தான் கைப்பழக்கம்.

கலிஃபோர்னியாவில் ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் தம்பதியர் 1992-ல் இதையே கோட்பாடாக்கினார்கள். ஒரு நினைவுக்கு இரண்டு வலுக்கள் உண்டு. எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது பதிவு வலு. இந்த நொடியில் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பது மீட்பு வலு. பட்டியலை இப்போதுதான் படித்தவளுக்கு மீட்பு வலு உச்சத்தில் இருக்கிறது. பதிவு வலு அற்பம். அவளை ஏமாற்றுவது இந்த வித்தியாசம்தான். கோட்பாட்டின் சுவாரசியமான பகுதி இதற்கு அடுத்தது: மீட்பு வலு தாழ்ந்திருக்கும் நேரத்தில், அதாவது சொல் நழுவப்போகும் தறுவாயில், திணறியாவது அதை வெளியே இழுத்துவிட்டால் பதிவு வலு அதிகமாக ஏறுகிறது. நாக்கு நுனியில் இருக்கும் சொல்லைத் துழாவும் அந்த அவஸ்தைதான் படிப்பு. வழுக்கிக்கொண்டு ஓடும் வாசிப்பு படிப்பு மாதிரி தோன்றும், அவ்வளவே.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய சோதனை 2008-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஹென்றி ரோடிகர் இருவர் செய்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்கள். மஷுவா என்றால் படகு என்பதுபோல. படி, பிறகு தேர்வு. மறுபடி படி, மறுபடி தேர்வு. ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகு அதை என்ன செய்வது என்பதில்தான் நான்கு குழுக்களும் வேறுபட்டன. ஒரு குழு அதைத் தொடர்ந்து படித்தது, தேர்வும் எழுதியது. இரண்டாவது குழு படிப்பதை விட்டது, தேர்வை மட்டும் தொடர்ந்தது. மூன்றாவது படிப்பை மட்டும் தொடர்ந்தது, தேர்வை விட்டது. நான்காவது இரண்டையும் விட்டது. அன்றைக்கு நான்கு குழுவினருக்கும் எல்லாச் சொற்களும் தெரிந்தன.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, தேர்வைத் தொடர்ந்த இரண்டு குழுக்களுக்கும் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. தேர்வை விட்ட இரண்டு குழுக்களுக்கும் 35 சதவீதத்தை ஒட்டி. மூன்றாவது குழுவைப் பாருங்கள்: திரும்பத் திரும்பப் படித்தார்கள், ஆனாலும் ஒன்றும் செய்யாமல் விட்டவர்களோடுதான் நின்றார்கள். இதைவிட எனக்கு வியப்பானது, முன்கூட்டியே 'உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்' என்று கேட்டபோது நான்கு குழுவினரும் ஏறக்குறைய பாதி என்றே சொன்னது. எந்த முறை உதவுகிறது என்பது கற்றவருக்கே தெரியவில்லை.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போனவர்கள் இதைத் தாங்களே சோதிக்கலாம். ஒவ்வொரு தொட்டியிலும் லத்தீன் பெயர்ப் பலகை. டென்ட்ரோபியம், புல்போஃபில்லம் என்று வாசித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தால் இரண்டாம் சுற்றில் எல்லாம் தெரிந்த முகமாக இருக்கும். பலகையைக் கையால் மறைத்துச் செடியை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல முயன்றால் சாயம் வெளுத்துவிடும். பார்த்ததை 'ஆமாம், தெரியும்' என்று அடையாளம் காண்பது ஒரு வேலை. இல்லாததை உள்ளிருந்து மீட்டுச் சொல்வது வேறு வேலை. நோயாளி 'வலிக்கிறது' என்னும்போது செவிலிக்கு முன்னால் பலகை எதுவும் தொங்காது.

இப்போது சினிமாப் பாட்டுக்கு வருவோம். அதை அவள் ஒரே நாளில் 68 தடவை கேட்கவில்லை. ஒரு கல்யாண வீடு, ஒரு டீக்கடை, ஒரு திருவிழா என்று வருடக்கணக்கில் இடைவெளி விட்டு விட்டுக் காதில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்த வரி வருவதற்கு முன் மனசு அதைத் தேடிப் பிடித்தது; பிடித்தது சரியா என்று பாட்டே உடனே சொல்லிவிட்டது. இடைவெளி, மீட்பு, உடனடித் திருத்தம் மூன்றும் தானாக அமைந்துவிட்டன. மெட்டும் எதுகையும் கைகொடுத்தது உண்மைதான். ஏற்காட்டில் மிளகும் காபித்தூளும் விற்பவர்கள் கன்னடத்திலும் மலையாளத்திலும் இந்தியிலும் விலை சொல்வதும் இதே கதை. வந்து நிற்கும் ஒவ்வொரு சுற்றுலாப் பயணியும் அவர்களுக்கு ஒரு கேள்வித்தாள்.

பாட்டும் வாடிக்கையாளரும் தற்செயலாகச் செய்வதைத் திட்டமிட்டுச் செய்யும் கருவிதான் சொல்லட்டை. ஒருபக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. மறுபக்கத்தைப் புரட்டுவதற்கு முந்தைய அந்த இரண்டு மூன்று நொடிகளுக்காகத்தான் அட்டையே. ஜெர்மனியில் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-ல் இதற்கு ஒரு பெட்டியைச் சேர்த்தார். நீளமான பெட்டியில் ஐந்து அறை. புது அட்டை எல்லாம் முதல் அறையில். விடை சரியென்றால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறென்றால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, அதற்கு மேல் பதினைந்து நாள், ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். எளிய சொற்கள் தாமே தள்ளிப் போய்விடும். முரண்டு பிடிக்கும் சொற்கள் முன்னாலேயே நின்று உயிரை வாங்கும். செருப்புப் பெட்டியில் நான்கு தடுப்பட்டை செருகினால் போதும், செலவு கிடையாது.

கணினி இதே வேலையைச் சொல்லுக்குச் சொல் நுணுக்கமாகச் செய்கிறது. போலந்தில் மாணவராக இருந்த பியோத்ர் வோஸ்னியாக் ஆங்கிலச் சொற்களும் உயிரியலும் மறந்துபோகும் எரிச்சலில் தன் மறதியைத் தானே பதிவு செய்து, 1987-ல் சூப்பர்மெமோ என்ற நிரலை எழுதினார். 2006-ல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட ஆங்கி செயலி அந்த வழியில் வந்தது. ஆண்ட்ராய்டு கைபேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. சொல் வந்த வேகத்தையும் திணறலையும் நீங்களே அழுத்திச் சொல்ல, அடுத்த தேதியை அது குறித்துக்கொள்ளும்.

இடைவெளியை எவ்வளவு தூரம் நீட்டலாம்? இதைச் சோதிக்க ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் குடும்பத்தையே உட்கார வைத்தார். அவர், மனைவி, இரண்டு மகள்கள். ஆளுக்கு 300 அயல்மொழிச் சொற்கள். சிலவற்றை 14 நாளுக்கு ஒருமுறை, சிலவற்றை 28 நாளுக்கு ஒருமுறை, சிலவற்றை 56 நாளுக்கு ஒருமுறை. எல்லாம் முடிந்தபின் ஐந்தாண்டு வரை காத்திருந்து சோதித்தார்கள். 1993-ல் முடிவு வெளியானது: 56 நாள் இடைவெளியில் 13 அமர்வு தந்த பலன், 14 நாள் இடைவெளியில் 26 அமர்வு தந்த பலனுக்குச் சமம். நான்கே பேர், அதுவும் ஒரே வீட்டார் என்பது குறைதான். ஆனால் ஐந்தாண்டு பொறுமை காட்டும் ஆட்களுக்கு வேறு எங்கே போவது? ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 56 நாள் முறையில் ஒவ்வொரு அமர்விலும் நிறையச் சொற்கள் மறந்து போயிருந்தன, கற்பது கசந்தது. கசந்த வழியே கடைசியில் லாபமாயிற்று.

நம் திண்ணைப் பள்ளிகளுக்கு இந்தச் சூட்சுமம் பாதி தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். மாலையில் பிள்ளைகளை அனுப்பும்போது வாத்தியார் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஓர் இரவு இடைவெளி, பிறகு மீட்பு. எப்பிங்ஹவுஸின் வளைவு செங்குத்தாக விழும் இடத்தில் சரியாக ஒரு கேள்வி. மண்டலபுருடர் 16-ஆம் நூற்றாண்டில் செய்த சூடாமணி நிகண்டின் 12 தொகுதிகளையும் பிள்ளைகள் விருத்தமாகவே நெட்டுருப் போட்டார்கள். அது அந்தக் காலத்துச் சொற்களஞ்சியம். பிரம்படியையும் பொருள் தெரியாத ஒப்பிப்பையும் நாம் கைவிட்டது நல்லது. கூடவே 'மனப்பாடம்' என்பதையே வசைச்சொல் ஆக்கிவிட்டோம். அது அநியாயம். பரீட்சைக்கு முந்தைய இரவு விழித்துப் படித்து மறுவாரம் துடைத்துப்போவதற்குப் பெயர் மனப்பாடம் அல்ல.

அட்டை எழுதுவதிலும் சில நுட்பங்கள் உண்டு. ஒரு அட்டையில் ஒரே ஒரு கேள்வி. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு, அதற்குத் தர்க்கம் தேடினால் பைத்தியம் பிடிக்கும்: சாப்பாட்டு மேசையில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி நடுப்பால். டேர் லோஃபல், டீ காபெல், டஸ் மெஸ்ஸர். ஆகவே டேர், டீ, டஸ் என்பதை விட்டுச் சொல்லை மட்டும் எழுதினால் பாதிச் சொல்தான் கற்றதாக ஆகும். ஒரு அட்டையை ஜெர்மனிலிருந்து தமிழுக்கும், வேறொரு நாள் தமிழிலிருந்து ஜெர்மனுக்கும் கேட்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம், பேசும்போது உதவுவதும் அதுவே.

ஒட்டாத சொல்லுக்குக் காதில் ஒத்து ஒலிக்கும் பழகிய சொல் ஒன்றைக் கொக்கியாக மாட்டலாம். ட்யூர் என்றால் கதவு: டூர் கிளம்பும்போது பூட்டிய கதவைக் கண்முன் கொண்டுவந்தால் போதும். இது சிறுபிள்ளை விளையாட்டு அல்ல. 1975-ல் ரிச்சர்ட் அட்கின்சன், மைக்கேல் ராஃப் இருவரும் ரஷ்யச் சொற்களை வைத்துச் சோதித்தபோது, கொக்கி மாட்டிய மாணவர்கள் 72 சதவீதமும் மாட்டாதவர்கள் 46 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். நாஸெ என்றால் மூக்கு. நாசி தெரிந்த நமக்கு அந்தக் கொக்கிகூட வேண்டாம்.

பாடப்புத்தகங்கள் செய்யும் ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்ச்சொற்களையும் ஒரே இனச் சொற்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவிடுவார்கள். லிங்க்ஸ் என்றால் இடம், ரெக்ட்ஸ் என்றால் வலம் என்று இரண்டையும் ஒரே நாளில் கற்றால், சொல் இரண்டும் நினைவிருக்கும், எது எது என்பதுதான் குழம்பும். மருத்துவமனையில் இடக்கால் வலக்கால் குழம்பலாமா? ஒன்றை நன்றாக ஊறவிட்டுப் பத்து நாள் கழித்து மற்றதைத் தொடுவதே நல்லது.

சொல்லட்டையால் ஆகாதவையும் உண்டு. 2,400 அட்டையும் கடைசி அறைக்குப் போய்விட்டாலும் ஜெர்மன் பேச வந்துவிடாது; வாக்கியக் கட்டும் பேச்சின் ஓட்டமும் கேட்டுப் பேசித்தான் வரும். பால் நேஷன் என்ற மொழியியலாளர் ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கில், ஒரு நாவலைத் தடங்கலின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. அவ்வளவையும் அட்டையில் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதிகம் புழங்கும் முதல் இரண்டாயிரம் மூவாயிரத்தை அட்டையில் பிடித்துக்கொண்டு, மீதியை வாசிப்பிடம் விடுவதுதான் என் கட்சி.

பெரும்பாலோர் தோற்பது ஆர்வக்கோளாறில். முதல் வாரத்தில் நாளுக்கு ஐம்பது அட்டை சேர்ப்பார்கள். மூன்றாம் வாரத்தில் திருப்பிப் பார்க்க வேண்டியவை குவிந்து நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். நாலாம் வாரம் பெட்டி பரணுக்குப் போகும். நாளுக்குப் பத்தே புதுச் சொல் என்றால் பி-1 பட்டியல் எட்டு மாதத்தில் முடிகிறது. பேருந்தில் உட்கார்ந்திருக்கும் நேரமே அதற்குப் போதும். ஆகவே இன்று பத்து அட்டை எழுதுங்கள். நாளை புதுப் பத்தைத் தொடும் முன் பழைய பத்தைக் கேளுங்கள். நடுவில் நாலு நாள் விட்டுப்போனால் புதுச் சொற்களை நிறுத்திவிட்டு, பாக்கி தீரும்வரை பழைய அட்டைகளை மட்டும் பாருங்கள்.